இரு கலை பயின்ற பெருமகன்



சான்றோர் வரலாறு நம் உள்ளத்தைப் பண்படுத்த வல்லது. காந்தியடிகளின் வரலாற்றையும், பாரதியாரின் வரலாற்றையும், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தனின் வரலாற்றையும் நம் மாணவர்கள் வகுப்பறையிலேயே அறிந்துள்ளனர். இம்முறை நாம் எடுத்துரைக்கப் போகும் பெருமகன் தமிழர் அல்லர், அரசியல் தலைவரும் அல்லர், புலவரும் அல்லர். அவர் ஒரு சீனத் தற்காப்புக் கலை ஆசான். ஹுவாங் சிங் ஷியான் என்பது அவர் பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாய்ச்சிக் கலை பயில்வோரிடையே அவர் பெயரை அறியாதார் மிகச் சிலரே.

இவர் வரலாற்றை நாம் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் மாலையில் பள்ளித் திடலில் சிலம்பம் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் வார இறுதியில் ஈப்போ நகருக்குச் சென்று சீனத் தற்காப்புக் கலையும் கற்க விரும்புகின்றனர். பெற்றோர் தயங்குகின்றனர். இரண்டையும் பிடித்தால் இரண்டும் நழுவிவிடாதா? ஒரு குருவிடம் வணங்கிய கை இன்னொரு குருவிடம் வணங்கலாமா? பிள்ளை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றுவிடுவானோ? இத்தயக்கம் நியாயமானதே. கலைக்கு மட்டுமன்று, மொழிக்கும் தொழிலுக்கும் இதே தயக்கம் நம்மிடையே உண்டு. இதற்கு விடை ஹுவாங்கின் வாழ்க்கையில் இருக்கிறது.

பிறந்த மண்

சீன நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் ஃபூஜியான் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் பூச்சோ. அந்நகரை அடுத்துள்ள மின்ஹோ வட்டத்தில் 1910ஆம் ஆண்டு ஹுவாங் பிறந்தார். அடுத்த ஆண்டே சீனத்தில் புரட்சி எழுந்தது, மன்னராட்சி வீழ்ந்தது. பழைய உலகம் மறைந்து புதிய உலகம் தோன்றிய காலத்தில் வளர்ந்த குழந்தை அவர்.

பூச்சோ என்னும் பெயர் பேராக் மக்களுக்குப் புதிதன்று. நம் மாநிலத்தின் கடற்கரைப் பகுதியிலுள்ள சித்தியவானுக்கு 1903ஆம் ஆண்டு பூச்சோ வட்டாரச் சீனர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் குடிவந்தனர். காட்டைத் திருத்திப் பயிர் செய்தனர். பின்னர் ரப்பர் நட்டனர். கப்பலேறி வந்து பால்மரக் காட்டில் வியர்வை சிந்திய நம் முன்னோரைப் போன்றவர்களே அவர்களும். ஹுவாங் அந்த மண்ணிலிருந்து வந்தவர் என்பதால் அவரை முற்றிலும் அயலவர் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

முதற் கலை

ஹுவாங்குக்கு வயது பதினான்கு. நம் ஆறாம் ஆண்டு மாணவரைவிட இரண்டே வயது மூத்தவர். அவ்வயதில் அவர் சியே சூங் ஷியான் என்னும் ஆசானிடம் சேர்ந்து வெண்கொக்குக் கலையைக் கற்கத் தொடங்கினார்.

வெண்கொக்குக் கலை ஃபூஜியான் மாநிலத்துக்கே உரியது. அதன் தோற்றம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பாங் ச்சி நியாங் என்னும் இளம்பெண் ஒரு வெள்ளைக் கொக்கைக் கோலால் விரட்ட முயன்றாளாம். அவள் தலைக்கு ஓங்கினால் கொக்கு சிறகால் தடுத்தது. சிறகுக்கு ஓங்கினால் காலால் நகர்ந்தது. உடலில் குத்தினால் அலகால் தட்டிவிட்டது. வியந்துபோன அப்பெண், தன் தந்தையிடம் கற்ற போர்க் கலையோடு கொக்கின் அசைவுகளையும் இணைத்துப் புதிய கலையை உருவாக்கினாளாம். இது கதையே. ஆயினும் அக்கலையின் இயல்பை இக்கதை நன்கு காட்டுகிறது. ஈயக் குட்டை ஓரங்களில் நாம் காணும் கொக்கு எப்படி நிற்கிறது? அசையாமல் நிற்கிறது, மீன் வந்ததும் மின்னலெனக் கொத்துகிறது, மறுகணம் மீண்டும் அசையாமல் நிற்கிறது. வெண்கொக்குக் கலையில் காலடி உறுதியாக ஊன்றி நிற்கும். கைகள் சிறகு போல் சிலிர்த்து, நொடிப்பொழுதில் விசையை வெளிவிடும்.

இக்கலையின் அடிப்படைப் பாடத்துக்கு மும்முறைப் போர் என்று பொருள்படும் பெயர் உண்டு. நின்ற நிலை, மூச்சு, வலிமை ஆகியவற்றை மாணவன் அதில் ஆண்டுக்கணக்கில் பயில்வான். இதே பெயருள்ள பாடம் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக்கும் சென்று, கராத்தே கலையின் ஒரு பிரிவுக்கு அடித்தளமாயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகள் கராத்தே வகுப்பில் செய்யும் சில அசைவுகளின் வேர் ஃபூஜியான் மண்ணில் இருப்பதை அறிந்தால் அவர்கள் வியப்பர்.

ஹுவாங் தற்காப்பை மட்டும் கற்கவில்லை. சீன மருத்துவத்தையும் பயின்றார். நம் சிலம்ப ஆசான்களுள் பலர் வர்மமும் எலும்பு முறிவு வைத்தியமும் அறிந்திருந்ததைப் போல, அடிக்கத் தெரிந்தவன் ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கும் மரபு. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெண்கொக்குக் கலையில் அவர் உழைத்தார். பதினான்கு வயதுச் சிறுவன் முப்பது வயதைக் கடந்து, அக்கலையில் தேர்ந்தவராக மதிக்கப் பெற்றார்.

இரண்டாம் கலை

1940களின் இறுதியில் சீனத்தில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. மக்கள் பலர் கடல் கடந்து தைவான் தீவுக்குச் சென்றனர். ஹுவாங்கும் அங்குச் சென்றார். 1949ஆம் ஆண்டு தைவானுக்கு வந்து சேர்ந்த மற்றொருவர் செங் மான் ச்சிங் என்னும் பேரறிஞர். ஓவியம், கவிதை, எழுத்தழகுக் கலை, மருத்துவம், தாய்ச்சி ஆகிய ஐந்திலும் சிறந்தவர் என்று அவரைப் போற்றுவர். இளமையில் காசநோயால் துன்புற்ற செங், தாய்ச்சி பயின்று உடல்நலம் தேறியவர். பின்னாளில் 1964ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் சென்று அமெரிக்கர்களுக்கும் அக்கலையைக் கற்பித்தார்.

தாய்ச்சி என்பது ஈப்போ நகரப் பூங்காக்களில் வைகறைப் பொழுதில் சீன முதியோர் மெல்ல மெல்லச் செய்யும் பயிற்சியே ஆகும். பார்ப்பவருக்கு அது முதியோர் உடற்பயிற்சி போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு போர்க் கலை. ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் சிற்றூரில் வளர்ந்த அக்கலையை, 19ஆம் நூற்றாண்டில் யாங் லூ சான் என்பவர் பெய்ஜிங் நகருக்குக் கொண்டு சென்றார். அவருடைய பேரர் யாங் செங் ஃபூ. அவரிடம் கற்றவரே செங் மான் ச்சிங். நீண்ட பயிற்சி வரிசையைச் சுருக்கி 37 நிலைகளாக அமைத்தவரும் அவரே.

இந்தச் செங்கிடம்தான் ஹுவாங் மாணவராகச் சேர்ந்தார். இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹுவாங்குக்கு அப்போது வயது ஏறத்தாழ நாற்பது. புதிய ஆசானோ அவரைவிட எட்டு வயதே மூத்தவர். ஒரு கலையில் ஆசான் என்று பெயர் பெற்றவர், மற்றொரு கலையில் முதல் வகுப்பு மாணவராக வரிசையில் நின்றார். புகழும் வயதும் அவர் கால்களைத் தடுக்கவில்லை.

அவர் கற்கச் சென்ற கலையும் எளிதானதன்று. வெண்கொக்குக் கலை நொடியில் விசையை வெளிவிடக் கற்பிக்கிறது. தாய்ச்சியோ விசையை அறவே விட்டுவிடச் சொல்கிறது. தோள் தளர வேண்டும். முழங்கை தாழ வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும். உடற்பாரம் ஒரு காலில் முழுமையாக இறங்க வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று கைகளைத் தொட்டுத் தள்ளிப் பழகும் பயிற்சி ஒன்று தாய்ச்சியில் உண்டு. வலிமையோடு தள்ளுபவன் அதில் தோற்பான்; எதிர்க்காமல் விட்டுக்கொடுத்து, தள்ளுபவனின் நிலை குலையும் கணத்தை உணர்பவன் வெல்வான். இருபது ஆண்டுகளுக்கு மேல் விசையைப் பழக்கிய ஒருவருக்கு இது எத்துணைக் கடினம்!

நம் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால்வெட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்தவன், கத்தியை அழுத்தி வெட்டினால் பால் மிகுதியாகச் சுரக்கும் என்று எண்ணுவான். மரம் காயப்படும், பட்டை சீராக வளராது. கைதேர்ந்த தொழிலாளியின் கத்தியோ பட்டையை மட்டும் மெல்லச் சீவிச் செல்லும். மரம் காயப்படாது, பாலும் ஒழுங்காக வடியும். கையின் வலிமையைக் குறைக்கக் கற்பதே அத்தொழிலின் உயர்ந்த பாடம். ஹுவாங் நாற்பது வயதில் கற்றதும் அதுவே.

ஆசானும் அனுமதியும்

ஒருவன் இரண்டு கலைகளைக் கற்பது சீனர் மரபில் ஏற்கப்பட்டதா என்று சிலர் கேட்கலாம். முற்காலத்தில் ஒவ்வொரு கலையும் குடும்பச் சொத்தாகவே காக்கப்பட்டது. அந்நிலை மெல்ல மாறியது. 1910ஆம் ஆண்டு, அதாவது ஹுவாங் பிறந்த அதே ஆண்டில், ஷாங்காய் நகரில் சிங் வூ என்னும் உடற்பயிற்சிக் கழகம் தோன்றியது. பல பாணிகளைச் சேர்ந்த ஆசான்கள் அதில் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தனர். அதன் கிளைகள் தென்கிழக்காசியாவிலும் பரவின. 1920களில் நம் ஈப்போ நகரிலும் ஒரு கிளை தோன்றியது. அதன் பின்னர் பல கலை பயில்வது சிறுமை என்ற எண்ணம் பெரிதும் குறைந்தது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஹுவாங் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தாவியவர் அல்லர். முதற் கலையில் வேர் ஊன்றும்வரை ஒரே இடத்தில் நின்றார். அதன் பிறகே இரண்டாம் கலைக்குச் சென்றார். சென்ற பின் அதில் முழு மனத்துடன் ஈடுபட்டு, செங்கின் தலைசிறந்த மாணவருள் ஒருவரானார். வெண்கொக்குக்காரராக நின்றுகொண்டே தாய்ச்சியை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. தாய்ச்சியைத் தாய்ச்சியாகவே கற்றார்.

நம் நாட்டில்

1950களின் பிற்பகுதியில் ஹுவாங் சிங்கப்பூருக்கு வந்தார். பின்னர் மலேசியாவிலும் தம் பணியை விரித்தார். சரவாக் மாநிலத்தின் தலைநகரான கூச்சிங்கில் நெடுங்காலம் தங்கிக் கற்பித்தார். இப்பகுதி நாடுகளில் அவர் அமைத்த பயிற்சிக் கூடங்கள் ஏறத்தாழ 40 என்றும், அவரிடமும் அவர் மாணவரிடமும் பயின்றோர் பதினாயிரம் பேர் என்றும் கூறுவர்.

அவர் வகுத்த பயிற்சிகளுள் புகழ் பெற்றவை, உடலைத் தளர்த்தும் ஐந்து பயிற்சிகள். இடுப்பு திரும்ப, அதனுடன் கைகள் தாமாகவே ஊசலாடும் எளிய அசைவுகள் அவற்றில் உண்டு. தொழிலாளியும் வணிகரும் ஆசிரியரும் முதியோரும் ஒரே வரிசையில் நின்று செய்யக்கூடியவை அவை. இளமையில் தம் உடல் இறுகியிருந்ததை உணர்ந்து, அந்த இறுக்கத்தை அவிழ்க்கும் வழியைத் தேடிக் கண்டவர் என்பதால், பிறருக்கும் அவ்வழியைப் படிப்படியாகக் காட்ட அவரால் முடிந்தது என்று நாம் கருதுகிறோம்.

முதற் கலை என்னவாயிற்று? அது அழிந்துபோகவில்லை. தாய்ச்சியில் முதிர்ந்த பின்னர், மெதுவான அசைவும் விரைவான வீச்சும் மாறி மாறி வரும் புதிய பயிற்சி வரிசை ஒன்றை ஹுவாங் அமைத்தார். தாய்ச்சியின் தளர்ச்சியும் வெண்கொக்கின் சிலிர்ப்பும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. ஆண்டுகள் பல கழித்து, கொக்கு மீண்டும் சிறகு விரித்தது. கற்கத் தொடங்கிய நாளிலேயே இரண்டையும் குழப்பியிருந்தால் இரண்டும் அரைகுறையாகவே போயிருக்கும். தனித்தனியே முதிர்ந்த பின் கலந்ததால் புதியது பிறந்தது.

கூச்சிங் மேடை

1970ஆம் ஆண்டு. ஹுவாங்குக்கு வயது அறுபது. பலர் ஓய்வு நாடும் வயது. கூச்சிங் நகரில் அறப்பணிக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. ஆசிய மல்யுத்த வெற்றி வீரர் என்று பெயர் பெற்றிருந்த லியாவ் குவாங் செங் என்பவருடன் ஹுவாங் மேடையில் மோதினார். எதிராளி அவரைவிட இளையவர். ஹுவாங் அவரை 26 முறை கீழே வீழ்த்தினார். தாம் ஒரு முறையும் வீழவில்லை. அக்காட்சி படச்சுருளிலும் பதிவாகியுள்ளது.

மாணவர்களே, அந்த எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு துள்ள வேண்டாம். பகை தீர்க்க அவர் மேடை ஏறவில்லை. பிறர் துயர் துடைக்கும் நிதிக்காக ஏறினார். தள்ளியவரைத் தள்ளாமல், வந்த விசையை வந்த வழியே அனுப்பினார். பதினான்கு வயதில் ஊன்றிய கால்களும் நாற்பது வயதில் தளர்ந்த தோள்களும் அன்று ஒரே உடலில் இணைந்து நின்றன என்று சொல்வது மிகையாகாது.

இறுதிக் காலம்

அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹுவாங் கற்பித்து வந்தார். 1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தாம் பிறந்த மண்ணாகிய பூச்சோவில், 82ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவரிடம் கற்றவர்கள் மலேசியாவில் மட்டுமன்றி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் அவர் முறையைப் பரப்பினர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைத் தோட்டப் பள்ளி மலரில் எழுதுவதன் நோக்கத்தை இப்போது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

பேராக்கில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சில பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மணிக்கட்டின் மென்மையால் பால் வெட்டிப் பழகியவர், நாற்பது வயதில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை ஏந்திச் செம்பனைக் குலை அறுக்கக் கற்க வேண்டி வந்தது. வேறு சிலர் பட்டணம் சென்று தொழிற்சாலைப் பொறிகளின் முன் புதியவராய் நின்றனர். தம்மைவிட இளையவர் வேலை சொல்லித் தர, கூசாமல் கேட்டுக் கற்றவர்கள் அவர்கள். அவர்களை எவரும் மேடையேற்றி மாலை சூட்டவில்லை. ஆனால் ஹுவாங் தைவானில் செய்த அரிய செயலையே நம் தந்தையரும் தாய்மாரும் பேராக் மண்ணில் செய்தனர். பிள்ளைகள் இதை அறிய வேண்டும். நாற்பதில் கற்பது இழிவன்று, அது வீரம்.

மாணவர்களே, ஆறாம் ஆண்டு முடிந்ததும் நீங்கள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்வீர்கள். அங்குப் பாடங்கள் மலாய் மொழியில் நடக்கும். இங்கே முதல் வரிசையில் அமர்ந்த நீங்கள் அங்கே சில காலம் கடைசி வரிசையில் அமர நேரலாம். அப்போது உங்களுள் சிலர், புதிய மொழி நமக்கு வராது என்று ஒதுங்குவர். வேறு சிலர், தமிழைச் சுமந்ததால்தான் பின்தங்கினோம் என்று எண்ணித் தமிழைக் கைவிடுவர். இரண்டும் தவறு. முதற் கலையில் உறுதியாக நின்றதால்தான் ஹுவாங்குக்கு இரண்டாம் கலை வசப்பட்டது. தமிழில் தெளிவாகச் சிந்திக்கக் கற்றவனுக்கு மலாயும் ஆங்கிலமும் வசப்படும். ஆனால் மலாய் கற்கும்போது மலாயையே கற்க வேண்டும். அங்கே தொடக்க மாணவராக நிற்க நாணக்கூடாது.

பெற்றோர்களே, சிலம்பம் பயிலும் உங்கள் பிள்ளை சீனக் கலையும் கற்க விரும்பினால் உடனே மறுத்துவிடாதீர்கள். முதலில் சிலம்பத்தில் காலடி உறுதிப்படட்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். பின்னர் சிலம்ப ஆசானிடம் முறையாகச் சொல்லி, அவர் வாழ்த்தைப் பெற்று அனுப்புங்கள். புதிய ஆசானிடம் சிலம்பப் பெருமை பேசாமல், அவர் சொல்வதைச் சொன்னபடி செய்யப் பழக்குங்கள். அவ்வாறு சென்றால் இரண்டு ஆசான்களுக்கும் பெருமையே, எவருக்கும் துரோகமாகாது.

வேர் ஒன்றாக இருந்தால் கிளைகள் பலவாகலாம். பதினான்கு வயதில் கொக்கைப் போல் நிற்கக் கற்று, நாற்பதில் மீண்டும் மாணவராகி, அறுபதில் இரண்டையும் ஓருடலில் காட்டிய அப்பெருமகனின் வாழ்வு நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டட்டும். நம் பள்ளிச் செல்வங்கள் கல்வியிலும் கலையிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்க வாழ்த்துகிறோம்.